பலகாரம் சுடும் நாளில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

2024 ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 31 ஆம் திகதி வந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் நான் அக்கா வீட்டுக் குசினியில் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில் அவர்களுடைய வீடு இருக்கிறது. அக்கா ஆசிரியை. அத்தான் உடப்பைச் சேர்ந்தவர். பாடசாலை விட்டு வந்த பெறாமகள் சுளகில் பயறு புடைக்கிறேன் என்று சொல்லி, பாதியை நிலத்தில் கொட்டியிருந்தாள். அவளுக்கு 9 வயது. அவளுடைய தம்பிக்கு 5 வயது. அவன் கொழுக்கட்டை மாவில் பாம்பு உருட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு உம்மம்மாவும் வந்திருந்தார். யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். அக்கா பலகாரம் சுடும் நாளில் உருண்டை பிடிக்க வருவார். நோன்புப் பெருநாள் வந்தால் அக்கா அவருடைய வீட்டுக்குப் போய் வேலை செய்வாள். என் அம்மாவும் அவரும் பாயில் எதிரெதிரே இருந்து பயற்றம் உருண்டை பிடித்தார்கள்.

முறுக்குப் பிழிய உரலை எடுத்தோம். அது சந்தையில் வாங்கிய அலுமினிய உரல். அதைப் பார்த்துவிட்டுப் பெறாமகள் கேட்டாள்.

"அம்மம்மா, உங்கட அம்மான்ர பித்தளை உரல் எங்க?"

"அது போட்டுது பிள்ளை. வலைஞர்மடத்தில தாட்டுப்போட்டு வந்தனாங்கள்."

அவள் அடுத்ததாக உம்மம்மாவைப் பார்த்தாள். "உங்கட உரல்?"

"அதுவும் போச்சுது மகள். வீட்டோட விட்டுட்டு வந்தம்."

"ஏன் விட்டுட்டு வந்தனீங்கள்? ஆர் போகச் சொன்னது?"

அன்றைய திகதி ஒக்டோபர் 30. பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஆக்கள்தான் பிள்ளை. அவையைப் போகச் சொல்லிப்போட்டினம்."

உம்மம்மா தலை நிமிரவில்லை. "உங்கட அம்மம்மா சொல்லேல்லையே மகள். நீ மாவை அரி" என்றார்.

பத்து வருடமாக இந்தக் கரையோரத்துக்கு வந்து போகிறேன். வெளியேற்றம் பற்றிச் செய்திக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்த வசனம் பேசப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதைப் பேச வைத்தது ஒரு முறுக்கு உரலும் ஒரு பிள்ளையின் கேள்வியும்தான். பிள்ளைகளோடு சேர்ந்து பலகாரம் சுடுவது பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தது அதனால்தான். எப்படிச் சுடுவது, எந்த வயதுப் பிள்ளைக்கு எந்த வேலை, நெருப்போடு எப்படிக் கவனமாக இருப்பது என்பவற்றோடு, கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தக் கரையில் இருப்பவர்கள்

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஒலிபெருக்கி மூலம் அறிவித்தல் வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரியில் கூடச் சொன்னார்கள். ஒரு சில மணித்தியாலங்களில் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் வீட்டுச் சாமானும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்டோபரின் பிற்பாதியில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் என வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகள் இதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிறந்து வளர்ந்துவிட்டது.

எங்கள் குடும்பம் முள்ளியவளை. 2009 இல் எனக்கு 17 வயது. மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குப் போனோம். அம்மம்மா அந்த முகாமில்தான் காலமானார். அந்த வருடத் தீபாவளிக்கு எங்களிடம் இருந்தது நிவாரண மாவும் சீனியும். அம்மா அதில் ரொட்டி சுட்டுச் சீனி தூவித் தந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு சில வருடங்கள் பலகாரமே சுடவில்லை. அக்காவுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் மறுபடி தாச்சி அடுப்பில் ஏறியது.

ஆக, அந்தக் குசினியில் இருந்த இரண்டு முதிய பெண்களும் ஊரை விட்டு வந்தவர்கள். ஒருவர் 1990 இல், மற்றவர் 2009 இல். இருவரிடமும் பழைய படம் இல்லை, உறுதி இல்லை, பாத்திரம் இல்லை. கையில் இருக்கும் பதம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை எழுதிவைக்க முடியாது. பிள்ளை பக்கத்தில் இருந்து பிசைந்து பார்த்தால்தான் அது பிள்ளைக்குப் போகும்.

புரட்டாதி முதல் கார்த்திகை வரை

ஆவணியும் புரட்டாதியும் பனம்பழக் காலம். புரட்டாதியில் நவராத்திரி. ஐப்பசியில் தீபாவளி, அது முடிந்த கையோடு கந்தசஷ்டி. கார்த்திகையில் விளக்கீடு. இந்த மூன்று நான்கு மாதங்களும் மழை தொடங்கும் காலம். பிள்ளைகள் வெளியே விளையாட முடியாமல் வீட்டுக்குள் நிற்கும் காலம். அவர்களைக் குசினிக்குள் கூப்பிட இதைவிட நல்ல காலம் இல்லை.

பனம்பழக் காலத்தில் பனங்காய்ப் பணியாரம். நவராத்திரிக்கு அவலும் கடலையும். தீபாவளிக்கு முறுக்கும் பயற்றம் பணியாரமும். விளக்கீட்டுக்குக் கொழுக்கட்டை. ஒவ்வொன்றிலும் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கிறது.

சின்னவர்களுக்கு முதலில் கொழுக்கட்டை

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு தொடங்குவதென்றால் கொழுக்கட்டையில் தொடங்குங்கள். எண்ணெய் இல்லை. அவியல்தான். பிழைத்தாலும் சாப்பிடலாம்.

வறுத்த சிவப்பரிசி மா 2 சுண்டு, ஒரு சிட்டிகை உப்பு. கொதித்த நீரைப் பெரியவர் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிள்ளையிடம் கொடுங்கள். பிசைவது அவர்களுடைய வேலை. உள்ளீட்டுக்கு, அரைச் சுண்டு பயற்றை மெல்ல வறுத்து அவித்து, நீர் வடித்து, அரைமூடித் தேங்காய்ப்பூவும் 150 கிராம் சர்க்கரையும் ஏலக்காய்த்தூளும் சேர்த்துக் கலக்குங்கள். பயறு குழைந்துவிட்டால் உள்ளீடு நீர்த்து, கொழுக்கட்டை வெடிக்கும். மலர அவிந்ததும் இறக்கிவிட வேண்டும்.

பிள்ளை பிடிக்கும் கொழுக்கட்டை வாய் திறந்துதான் இருக்கும். திருத்தாதீர்கள். அதைத் தனியாக ஓரத்தில் வைத்து நீத்துப்பெட்டியிலோ ஸ்ரீமரிலோ 15 நிமிடம் அவியுங்கள். எது தன்னுடையது என்று அவர்கள் தேடி எடுத்துச் சாப்பிடுவார்கள். என் பெறாமகனின் பாம்பும் அவிந்தது. அதை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை.

பயற்றம் பணியாரம்

எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் இதுதான். 30 பணியாரம் வரை வரக்கூடிய அளவு இது.

பயறு 500 கிராம். மணம் வரும்வரை, நிறம் பொன்னாகும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறிய பின் குற்றிக் கோதைப் புடைத்து, மாவாக அரைக்க வேண்டும். அரைமூடித் தேங்காய்ப்பூவை ஈரம் போகச் சிவக்க வறுத்து, கையால் நொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஏலக்காய் பத்து, மிளகு ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, மூன்றையும் இடித்துப் போடுங்கள். 300 கிராம் சீனியை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் பாகு காய்ச்சுங்கள். இரண்டு விரலுக்கிடையில் மெல்லிய கம்பி இழுபட்டால் போதும். பாகை மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, சூடு ஆறமுன் எலுமிச்சங்காய் அளவில் உருண்டை பிடிக்க வேண்டும். பிடிபடாமல் உதிர்ந்தால் ஒரு கரண்டி கொதிநீர் தெளிக்கலாம்.

மேல்மாவுக்கு அரிசி மா ஒரு சுண்டும் கோதுமை மா அரைச் சுண்டும் எடுத்து, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, தேங்காய்ப்பாலில் கரையுங்கள். தோசை மாவை விடச் சற்றுத் தடிப்பாக இருக்க வேண்டும். உருண்டையை அதில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும்.

பாகு காய்ச்சும் நேரம் பிள்ளைகளைத் தள்ளி இருத்துங்கள். பாகு கொதிநீரை விடச் சூடு கூடியது. தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். வறுத்த பயற்றைப் புடைப்பதும் ஏலக்காய் உரிப்பதும் இடிப்பதும் உருண்டை பிடிப்பதும் அவர்களுடைய வேலை.

சிங்கள வீடுகளில் சித்திரைப் புதுவருடத்துக்குச் செய்யும் முங் கெவும் இதனுடைய சகோதரம். அதுவும் பயற்றமா, அதுவும் மேல்மாவில் தோய்த்துப் பொரிப்பது. அங்கே சாய்சதுரமாக வெட்டுவார்கள், எங்களுடையது உருண்டை. உம்மம்மாவுக்கு இந்தப் பணியாரத்தைச் சோனகத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் ஆசிரியையின் தாய் பழக்கியிருக்கிறார். எங்கள் அம்மா மிளகு கூடப் போடுவார். உம்மம்மா ஏலக்காய் கூடப் போடுவார். இரண்டு வகையும் ஒரே தட்டில் வந்தால் பிள்ளைகள் உம்மம்மாவுடையதைத்தான் முதலில் எடுப்பார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

முறுக்கும் பனங்காய்ப் பணியாரமும்

முறுக்குக்கு அரிசி மா நாலு பங்கு, வறுத்தரைத்த உளுத்தம்மா ஒரு பங்கு. எள்ளு, ஓமம், உப்பு சேர்த்து, சூடாக்கிய தேங்காய்ப்பாலில் பிசையலாம். மாவை இரண்டு தடவை அரியுங்கள். இது சுத்தத்துக்கு மட்டுமல்ல. கட்டியான மாவுக்குள் ஈரம் அடைபட்டால் எண்ணெயில் வெடிக்கும். அதனால் அரிப்பதைப் பொறுப்பான வேலையாகவே பிள்ளையிடம் கொடுக்கலாம்: "நீ வடிவா அரிச்சால்தான் வெடிக்காது." என் பெறாமகள் அதற்குப் பிறகு மூன்று தடவை அரித்தாள்.

முறுக்கை நேரே எண்ணெய்க்குள் பிழியாதீர்கள். எண்ணெய் தடவிய தட்டிலோ ஓலைத் துண்டிலோ பிள்ளை பிழியட்டும். பெரியவர் அதை எடுத்து மெல்லத் தாச்சிக்குள் விடலாம்.

பனங்காய்ப் பணியாரத்துக்கு முற்றிய பழம் இரண்டு போதும். தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தும்பைப் பிசைந்து களி எடுப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. உடுப்பு மஞ்சளாகும், பழைய உடுப்பைப் போட்டுவிடுங்கள். களியைத் துணியில் வடித்து, இரண்டு கோப்பைக் களிக்கு முக்கால் கோப்பைச் சீனி போட்டு, பச்சை மணம் போகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். பிறகு வறுத்த கோதுமை மாவைக் கையில் கிள்ளி எடுக்கும் பதம் வரும்வரை சேர்த்து, உப்புப் போட்டு, சின்னச் சின்னதாகக் கிள்ளிப் பொரிக்க வேண்டும். களியில் கசப்பு நின்றால் காய்ச்சல் போதவில்லை என்று பொருள்.

எந்த வயதுக்கு எந்த வேலை

மூன்று முதல் ஐந்து வயது: மா பிசைதல், உருட்டுதல், எள்ளுத் தூவுதல், அவலில் தேங்காய்ப்பூ கலத்தல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். ஓடட்டும். திரும்பி வருவார்கள்.

ஆறு முதல் ஒன்பது: அளத்தல், அரித்தல், புடைத்தல், ஏலக்காய் உரித்தல், தட்டில் முறுக்குப் பிழிதல். இந்த வயதில் கணக்கு நன்றாக ஏறும். நாலு பங்குக்கு ஒரு பங்கு என்பதைச் சுண்டால் அளந்து பார்த்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்து விகிதம் பயமாக இராது.

பத்து முதல் பதின்மூன்று: திருவலையில் தேங்காய் துருவுதல், பயறு வறுத்தல், சாமான் பட்டியல் எழுதிக் கடைக்குப் போதல், பெரியவர் பக்கத்தில் நிற்கப் பாகுப் பதம் பார்த்தல்.

பதினான்கு வயதுக்கு மேல்: பெரியவரோடு நின்று பொரிக்கலாம். பெண்பிள்ளைகள் மட்டும் என்று பிரிக்காதீர்கள். செட்டிகுளத்தில் எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் தாயை இழந்த மூன்று பையன்கள் இருந்தார்கள். ஒருவனுக்கும் சோறு வடிக்கத் தெரியாது. அம்மாதான் பழக்கினார். அதை நினைத்தே அக்கா தன் மகனையும் மாவுக்குள் கைவைக்க விடுகிறாள்.

காசு இல்லாத வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. 2024 இன் கடைசியிலும் 2025 இன் தொடக்கத்திலும் தேங்காய் விலை 200 ரூபாவைத் தாண்டியது. தென்னந்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் புத்தளத்திலும் மக்கள் பாதித் தேங்காய் வாங்கினார்கள். ஐந்து வகை சுட வேண்டும் என்றில்லை. ஒரு சுண்டுப் பயறும் ஒரு பின்னேரமும் போதும். பிள்ளைக்கு நினைவில் நிற்பது எத்தனை தட்டு என்பதல்ல. யாரோடு இருந்து பிடித்தோம் என்பதுதான்.

நெருப்பும் எண்ணெயும்

தாச்சியின் கைபிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். நில அடுப்பில் சுடுவதென்றால், அடுப்பைச் சுற்றி ஒரு பெரியவரின் கை நீளத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அதற்குள் பிள்ளை வரக்கூடாது. எங்கள் வீட்டில் பெறாமகன் அந்தக் கோட்டைத் தானே கீறினான். அதனால் அதைத் தாண்டவில்லை.

சிறு துண்டு மாவை எண்ணெயில் போட்டால் உடனே மேலே வர வேண்டும், ஆனால் கருகக்கூடாது. அதுதான் சரியான சூடு. புகை வந்தால் அடுப்பை நிறுத்துங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி, அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள்.

சூடு பட்டால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். ஐஸ் வைக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, மூட்டில் பட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிய இடத்தில் பட்டாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அதை அக்கா குசினிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். "அந்த இலக்கத்தை எனக்கு எழுதி ஒட்டத் தேவையில்ல" என்று உம்மம்மா ஒருநாள் சொன்னாராம்.

கேள்வி வந்தால்

கையில் வேலை இருக்கும்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். எதிரே உட்கார்த்தி "இனிக் கதை சொல்லப்போறன்" என்றால் கேட்கமாட்டார்கள். பெரியவர்களுக்கும் அப்படித்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை மாவைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். பத்திரிகையாளராக நான் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்த வீடுகளில் கிடைக்காத பதில்கள், வெங்காயம் உரித்துக் கொடுத்த வீடுகளில் கிடைத்திருக்கின்றன.

நான் உளவியல் படித்தவள் அல்ல. எங்கள் வீட்டிலும் இந்தக் கரையோரத்து வீடுகளிலும் பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "உரல் எங்க?" என்று கேட்ட பிள்ளைக்கு உரலைப் பற்றிச் சொன்னால் போதும். அடுத்த கேள்வி வந்தால் அடுத்த பதில்.

பொய் சொல்லாதீர்கள். "மறந்துபோச்சு" என்று சொல்லும்போது அது மறக்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். இப்போது சொல்ல முடியாவிட்டால், "இது எனக்குக் கவலையான கதை, பிறகு சொல்லுறன்" என்பதே பதில்தான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்லும் வாயால், எங்கள் பெயரில் மற்றவர்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். இது கஷ்டம். அம்மா அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எத்தனையோ வருடம் எடுத்திருக்கிறார். ஆனால் பிள்ளைக்கு அதில் குழப்பம் வரவில்லை. இரண்டு பேருடைய உரலும் போனது, இரண்டும் பிழை என்று அவள் எடுத்துக்கொண்டாள். குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான்.

பேச விரும்பாத பெரியவரை இழுக்காதீர்கள். சிலருக்கு அடுப்படியே போதும். தீபாவளி வெடிச்சத்தம் கேட்டால் அம்மா இன்றைக்கும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அதனால் அக்கா வீட்டில் வெடி இல்லை. ஏன் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

சொல்லும் சேர்ந்து போகும்

இன்னொன்றும் இந்தக் கரையில்தான் எனக்குப் புரிந்தது. சிலாபத்திலிருந்து நீர்கொழும்புவரை கடலோரத்தில் ஒருகாலம் தமிழ் பேசிய மீனவ ஊர்கள் பல இருந்தன. சென்ற நூற்றாண்டில் பாடசாலை மொழி மாறியபோது வீட்டு மொழியும் மாறியது. இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசுகிறார்கள். யாரும் துவக்கு நீட்டி மாற்றவில்லை. பேத்தி கேட்கும்போது பாட்டியின் சொல் அங்கே இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

அதற்கு வடக்கே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே இருக்கிறது உடப்பு. திரௌபதி அம்மன் ஆலயமும் ஆடித் தீமிதிப்பும் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவும் தமிழில் நிலைத்த ஊர். தீபாவளியன்று காலை நாங்கள் பலகாரத் தட்டோடு அங்கே அத்தானின் அம்மா வீட்டுக்குப் போனோம். மாமி எங்கள் பயற்றம் பணியாரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மேல்மாவு தடிச்சிருக்கு" என்றார். பெறாமகள் உடனே, "அது தம்பி கரைச்சது" என்றாள்.

புடைத்தல், கொழித்தல், அரித்தல், குற்றுதல், பதம், கம்பிப்பாகு, மேல்மா, நீத்துப்பெட்டி, சுளகு, அகப்பைக் காம்பு. இந்தச் சொற்கள் பாடப் புத்தகத்தில் வராது. அந்த வேலையைச் செய்யும் பிள்ளைக்குத்தான் அந்தச் சொல் தேவைப்படும். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதோடு, வருடத்தில் ஒரு பின்னேரம் மாவுக்குள் கைவைக்க விடுங்கள்.

அன்று இரவு

முதல்நாள் இரவு பொரித்து முடிய எட்டு மணி ஆகிவிட்டது. உம்மம்மா வீட்டுக்குக் கொண்டுபோக அக்கா ஒரு தட்டை நிரப்பினாள். அதைப் பெறாமகள்தான் தூக்கிக்கொண்டு போனாள். நான் ரோர்ச் லைட்டோடு பின்னால் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

அவர்கள் வீட்டு வாசலில் தட்டைக் கொடுத்துவிட்டு அவள் நின்றாள். பிறகு கேட்டாள்: "உம்மம்மா, உங்கட உரலும் பித்தளையா?"

"ஓம் மகள். நட்சத்திர அச்சும் இருந்தது."

"அப்ப அடுத்த வருசம் நட்சத்திர அச்சு வாங்குவம்."

2025 தீபாவளி ஒக்டோபர் 20 அன்று வந்தது. அதற்கு ஒரு கிழமைக்கு முன் அக்காவும் பெறாமகளும் புத்தளம் நகரத்துக் கடையில் ஒரு பித்தளை உரல் வாங்கினார்கள், நட்சத்திர அச்சோடு. வலைஞர்மடத்து உரல் அதைவிடப் பாரமானது என்று அம்மா சொன்னார். சோனகத்தெரு உரல் இதைவிடச் சின்னது என்றார் உம்மம்மா. முதல் முறுக்கைப் பெறாமகன் பிழிந்தான். பாதியில் அறுந்தது. அதையும் பொரித்தோம்.